நெருக்கம் குறைந்த தெரு

மனைவியின் நுரையீரல் பழுதாகிவிட்டது. "கூட்டமும் புகையும் இல்லாத இடமாப் பாத்துப் போங்க. இங்கயே இருந்தா ரொம்ப நாள் தாங்காது" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

கணவருக்கு ஜனத்தொகைக் கணக்கெடுப்பு ஆபீசில் வேலை. அவராவது, புரோக்கர் பேச்சை நம்புவதாவது! ஆபீஸ் பட்டியல்களை அலசி, ஜன நெருக்கமும் குறைவு, ஜனப்பெருக்கமும் இல்லை என்று ஒரு தெருவைப் பிடித்தார். நாற்பது வீட்டில் மொத்தமே முப்பத்தொரு பேர். சேமிப்பை வழித்துப் போட்டு, போட்டோவைப் பார்த்தே வீட்டை வாங்கினார்.

"ஒரு நடை நேர்ல போய்ப் பாத்துட்டு வரலாமேங்க?"

"தலையெண்ணி எழுதின கணக்குடி. அதைவிட என் கண்ணு பெருசா?"

சாமான் இறக்கும்போதே குட்டு வெளிப்பட்டது. வீட்டுக்கு நாலு குடும்பம், மாடிப்படியெல்லாம் அடுப்பு, தெரு முழுக்கப் புகை. அவள் ஜன்னலைத் திறக்கவே இல்லை.

மறுநாள் ரெக்கார்டு ரூமில் தாம்தூமென்று குதித்தார். "இந்தத் தெருவை எண்ணின சோம்பேறி யாருன்னு பாருய்யா. அவன் சீட்டைக் கிழிக்கிறேன்."

கட்டைப் பிரித்த ரெக்கார்டு கீப்பர் தயங்கினார். "முதல்ல உட்காருங்க சார்."

இருபத்தொன்பது வீட்டுக்கு நேரே 'பூட்டியிருந்தது' என்று எழுதியிருந்தது. அடியில், வாலை நீட்டிய அவருடைய சொந்தக் கையெழுத்து.

"வெயில் மண்டையப் பொளக்குதுன்னு, கேன்டீன்லயே உக்காந்து ஏழெட்டுத் தெருவை முடிச்சீங்களே சார். மறந்துட்டீங்களா?"

மாலையில், இருமலுக்கு நடுவே மனைவி கேட்டாள். "அந்தப் புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சுதாங்க?"

செருப்பைக் கழற்றும் சாக்கில் அவர் குனிந்துகொண்டார்.

"ரெக்கார்டு ரூம் பூட்டியிருந்துச்சு" என்றார்.