அவள் மெஷினில் மட்டும்

ஸ்கிரிப்ட் அவள் கம்ப்யூட்டரில் ஓடியேவிட்டது.

ஒரு கறுப்புப் பெட்டி திறந்தது. எழுத்துகள் கடகடவென்று ஏறின. மூடிக்கொண்டது.

எந்த அட்டைப்பெட்டியில் எத்தனை பனியன் என்று சொல்கிற பேக்கிங் லிஸ்ட் டெஸ்க்டாப்பில் வந்து உட்கார்ந்திருந்தது. நாள் முழுக்க முதுகு ஒடிய அவள் ஒன்றாகச் சேர்க்கிற ஷீட்டுகள் அத்தனையும் அதற்குள்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

பக்கத்து மேசையில் தங்கமணியின் திரையிலும் அதே கறுப்புப் பெட்டி. உள்ளே ஆங்கிலத்தில் ஒரு பிழை. ஷீட்டுகள் இருக்கிற போல்டரைக் காணோமாம்.

இரண்டு பேருக்கும் மேனேஜர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஒரே பைத்தான் ஸ்கிரிப்ட்தான், ஷீட்டுகளைத் தானே ஒன்றுசேர்க்கிற புரோகிராம். எங்கே பிடித்தார் என்று சொல்லவில்லை. புரோகிராம் எழுதுகிறவர்கள் யாரும் அந்த பனியன் கம்பெனியில் இல்லை. டபுள் கிளிக் செய்யத் தெரிந்தவர்கள்தான்.

இனிமேல் இந்த வேலைக்கு ஒரு ஆள் போதும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். யார் மெஷினில் ஓடுகிறதோ அவள் இங்கே. இன்னொருத்தி கீழே, செக்கிங் டேபிளுக்கு.

செக்கிங் டேபிளில் உட்கார முடியாது. விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை நின்றுகொண்டே பனியனைப் புரட்ட வேண்டும்.

சிக்குன்குனியா வந்து போன முழங்கால்கள் மேசைக்கடியில் இன்னும் வீங்கித்தான் இருந்தன. பஸ்ஸில் சீட் கிடைக்காவிட்டால் அவளுக்குக் கண்ணீர் வந்துவிடும்.

ஆக, தப்பித்தாள்.

எப்படி? அதுதான் அரித்தது. இந்தக் கம்பெனியில் அவளுக்கு எதுவும் சும்மா கிடைத்ததே இல்லை.

அந்த ஸ்கிரிப்டை நோட்பேடில் திறந்தாள். ஒரு எழவும் புரியவில்லை.

ஒரே ஒரு வரி புரிந்தது, போல்டர் எங்கே இருக்கிறது என்று சொல்கிற வரி. அதன் நடுவில் அவளுடைய பேர் இருந்தது.

காலையில் மெஷினைப் போட்டதும் திரையில் வருமே, அதே பேர்.

அப்படியென்றால் இது வெளியே இருந்து வந்ததில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து, இந்த மெஷினில் யாரோ செய்தது.

அவள் காய்ச்சலில் கிடந்தபோது.

பாஸ்வேர்டு தெரிந்தது தங்கமணிக்கு மட்டும்தான். இவளே போனில் சொல்லிக் கொடுத்தது.

லீவு முடிந்து வந்தபோது ஒரு வேலைகூடத் தேங்கியிருக்கவில்லை. நான் பார்த்துட்டேங்க்கா என்றாள் தங்கமணி. இவளும் உருகிப்போய், மறுநாளே மட்டன் குழம்பு வைத்துத் தூக்கில் கொண்டுவந்து கொடுத்தாள்.

பாவி. என் சீட்டில் உட்கார்ந்தே என் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தாள்.

தங்கமணி மறுபடி கிளிக் செய்து பார்க்கவில்லை. கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிடவில்லை. தண்ணீர் பாட்டிலையும் சீப்பையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

செய்தவளுக்குத் தெரியாதா, எந்த வரியில் என்ன இருக்கிறதென்று?

இதில் இன்னும் என்ன உள்குத்தோ.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

“ஏம்புள்ள, அதுல எம்பேரு எதுக்கு இருக்குது?”

தங்கமணி நிமிரவில்லை. பையின் ஜிப்பை இழுத்தாள்.

“உங்க வேலை தேங்கக் கூடாதுன்னு ஏஐகிட்டக் கேட்டு வாங்குனதுங்க்கா. மேனேஜர் உங்க மெஷின்ல பார்த்துட்டு எடுத்துட்டாரு. ஆரு செஞ்சதுன்னுகூடக் கேக்கல. பேரு அப்படியே இருக்கட்டும். உங்களால நிக்க முடியாதுங்க்கா.”

அவள் நின்றாள். கால் தீயாக எரிந்தது.

நம்புவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தங்கமணியின் முகத்தையே பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பழகிய மனசு லேசில் இறங்கவில்லை.

பிறகு தங்கமணியின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

அங்கேயும் ஸ்கிரிப்டை நோட்பேடில் திறந்து, அந்த வரியைத் தேடிப் பிடித்தாள். தன் பேரை அழித்தாள். தங்கமணியின் பேரை, அவள் திரையில் வருகிற மாதிரியே, எழுத்து எழுத்தாக அடித்தாள்.

“அக்கா, வேண்டாங்க்கா.”

டபுள் கிளிக்.

கறுப்புப் பெட்டி திறந்தது. எழுத்துகள் ஏறின. பிழை வரவில்லை.

மேனேஜர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். யார் மெஷினில் ஓடுகிறது என்று கேட்டார்.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “ரெண்டுலயும் ஓடுதுங்க” என்று தங்கமணியின் பக்கத்தில் போய் நின்றாள்.