தெரிந்த முகம்

இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு புரட்டாதி மாதம் பதினெட்டாம் திகதி, வியாழக்கிழமை. படிப்பித்த ஆசிரியரையே கள்வனைப்போல் நிறுத்திவைத்தான் என்பதுதான், அன்று காலை விமான நிலையத்தின் சோதனை மேசையில் அதிகாரி நிருஷன்மீது எழுந்த முறைப்பாடு.

முறையிட்டவர் வேறு யாருமல்லர். உடுவில் ஜெபரட்ணம் மாஸ்டரேதான். வலிகாமத்தில் பாதிப் பேருக்குக் கணிதம் கற்பித்தவர். குரலை உயர்த்தாமலே வகுப்பை அடக்கியவர். அன்றோ கூரை அதிரக் கத்தினார்.

"பெருக்கல் வாய்ப்பாட்டை உன்ரை மண்டையிலை ஏத்தினது ஆர்? சொல்லு. என்ரை பெட்டியைக் கிண்டவோ ஏத்தினனான்?"

"கோவிக்காதேங்கோ சேர். மெசினிலை ஒரு கறுப்புக் கட்டி தெரியுது. ஒருக்கால் திறந்து காட்டினால் காணும்."

"ஒடியல் மா. சென்னையிலை ஒரு ஆளுக்குக் குடுக்கச் சொல்லித் தந்தவை. மாவும் கட்டிப்படும் எண்டு உனக்குத் தெரியாதோ?"

"பொதியை நீங்களே கட்டினனீங்கள்?"

"ஆர் கட்டினால் உனக்கென்ன? கொண்டு போறது நான்."

நிருஷன் பெட்டியை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். கடல் கடந்து போகிறவரிடம் ஒரு பொதியைக் கொடுத்துவிடுவதும், உள்ளே என்ன இருக்கிறதென்று கேளாமல் அவர் வாங்கிச் செல்வதும் இந்த மண்ணின் மரியாதை. கேட்பது அவமதிப்பு, அவிழ்த்துப் பார்ப்பது அதனினும் பெரிய அவமதிப்பு.

ஆயினும், சென்ற மாதம் இன்னோர் ஊர் விமான நிலையத்தில் நடந்ததையும் அவன் மறக்கவில்லை. தெரிந்த முகந்தானே என்று ஒருவன் ஒரு பொதியைத் திறவாமல் விட்டான். அது அக்கரையில் பிடிபட்டது. கொண்டுபோனவரும் விட்டவனும் இப்போது மறியலில் கம்பி எண்ணுகிறார்கள்.

தாட்சணியம் தன நாசம் என்பார்கள்; இந்தத் தொழிலில் அது குல நாசம். நிருஷனின் நியமனமோ இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் மனைவி கஜந்தினிக்கு இது நிறைமாதம்.

"தம்பி, பிளேன் எங்களைப் பாத்துக்கொண்டு நிக்காது. வயசுபோன மனுசனை விடுமன்," என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

உரும்பிராயில் அவனுக்கு அயல்வீட்டுக்காரியான குணலட்சுமியும் அந்த வரிசையில் நின்றாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"மாஸ்டரையும் விடான் போலை. உவன் நல்லூர்க் கந்தன் வந்தாலும் கையிலை இருக்கிற வேலைப் பறிச்சு மேசையிலை வைச்சிட்டுத்தான் உள்ளுக்கு விடுவான். நில்லு, கொம்மாட்டைச் சொல்லுறன்."

வரிசை சிரித்தது. நிருஷனின் காது மடல்கள் சுட்டன.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், வழியனுப்ப வந்தவர்களிடையே மாஸ்டரின் பேத்தி அபிகாயில் நின்றாள். கடமைக்கு வரும் வழியில் அவளை உடுவிலில், மாஸ்டர் வீட்டுப் படலையடியில், அவன் பலமுறை கண்டிருக்கிறான். அவளது கையைப் பிடித்தபடி நின்ற வாலிபன் தாய்மாமனாக இருக்கவேண்டும். உள்ளே நடப்பதை இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு குழந்தையின் கண்ணெதிரே அவளுடைய தாத்தாவைக் குற்றவாளியாக நிறுத்திவைப்பதா? நிருஷனின் உறுதி தளர்ந்தது. பெட்டியை அவர் பக்கமாகத் தள்ளினான்.

"சரி சேர். நீங்கள் போங்கோ."

மாஸ்டர் பெட்டியைத் தொடவில்லை. அவருடைய முகம் ஒரு கணம் வெளிறியது. மறுகணமே முன்னிலும் பெரிதாகக் கத்தத் தொடங்கினார்.

"போறதோ? நாலு பேருக்கு முன்னாலை சந்தேகப்பட்டிட்டு, இப்ப போகச் சொல்லுறியோ? கணக்கைப் பாதியிலை விட்டிட்டு எழும்பிறவனுக்கு என்ரை வகுப்பிலை என்ன கிடைக்கும்?"

"முட்டை, சேர்." பழைய பழக்கத்தில் அவனது வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப முழுசாய்ச் செய். உந்த மறைப்புக்குள்ளை கூட்டிக்கொண்டு போ. பெட்டியைத் திற, சட்டையையும் கழட்டிப் பார். பாத்து முடிக்காமல் நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன்."

வயது ஏற வீம்பும் ஏறிவிட்டது என்று நினைத்தான் நிருஷன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, உடற்சோதனைக்கென மூலையில் தொங்கிய சீலைத் திரைக்குப் பின்னால் அவரை அழைத்துச் சென்றான். "பாவம் அந்த மனுசன்," என்று குணலட்சுமி சொன்னது முதுகில் வந்து விழுந்தது.

திரையை இழுத்து மூடினான். மூடியதுதான் தாமதம், மாஸ்டரின் குரல் அறுந்து நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நிருஷன் மாவுப் பொதியை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டான். கறுப்பு நாடா சுற்றிய கனத்த கட்டி ஒன்று தட்டுப்பட்டது. தங்கமோ, நஞ்சோ, வெடியோ, அவனுக்குத் தெரியவில்லை.

"சேர், இதை உங்களிட்டைத் தந்தது ஆர்?"

மாஸ்டர் அவனுடைய மணிக்கட்டைப் பற்றினார். திரைக்கு வெளியே கேளாத குரலில் சொன்னார்:

"வெளியிலை என்ரை பேத்தியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவன்தான். அவன் எங்கடை ஆள் இல்லைத் தம்பி."