அச்சில் வந்த பல்

மந்தைவெளிப் பல் ஆராய்ச்சிக் கூடத்தில், இளம் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி புதிய பல்செட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பூக்காரி தேவானையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"புதுவித பிளாஸ்டிக்ல, பிரின்டர்ல செஞ்சதும்மா. தானா கழலாது."

"போன செட்டுக்கும் அப்டித்தான் சொன்னாங்கோ. பொண்ணு நிச்சயதார்த்தத்துல, சம்பந்தி முன்னால கயண்டு வுயுந்திச்சு."

"ஒருதரம் போட்டுப் பாருங்கோ."

"முத்தாட்டம் பல்ல வெச்சிகினு நீ ஈசியா சொல்ற. பல்லு இல்லாதவ அவமானம் உனுக்கு இன்னா தெரியும்?"

ஸ்ரீலக்ஷ்மி கதவைச் சாத்தினாள். வாய்க்குள் விரலை விட்டு, மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"எனக்குப் பிறவியிலேயே பல் முளைக்கலம்மா," என்றாள் குழறலாக. "இந்தப் பல்ல மொதல்ல எனக்குத்தான் செஞ்சு பார்த்தேன்."

தேவானை மேஜைமேல் இருந்த பல்லை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் அலசி, ஸ்ரீலக்ஷ்மியிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீ போட்டுக்க கண்ணு. அப்பால எனுக்கு மாட்டி வுடு."