ஊசிக்குக் கேட்காத நோய்

கால்நடை மருத்துவர் கையைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் ஆட்டுப்பண்ணைக்கார அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

“பிறந்த ரெண்டு குட்டியும் கழிச்சல்ல போயிருச்சு டாக்டர். அன்னையிலிருந்து வாயில ஒண்ணும் வைக்கிறதில்ல. மூலையில சுருண்டு படுத்ததுதான்.”

“கூப்பிட்டா?”

“திரும்பிக்கூடப் பார்க்கிறதில்ல. கிட்டப் போனா முட்ட வராத குறைதான்.”

மருத்துவருக்கு மனசு கேட்கவில்லை. குட்டியைப் பறிகொடுத்து ஏங்கிப்போன தாய் ஆடுகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

“இது ஊசி மருந்துக்கெல்லாம் கேட்காதும்மா. வேற குட்டியைப் பழக்கிவிடணும்.”

தன்னிடம் வளர்ந்துகொண்டிருந்த தாயில்லாக் குட்டி ஒன்றைத் தூக்கிவந்து அவள் கையில் கொடுத்தார். “பக்கத்துல விட்டுப் பாருங்க. முதல்ல விரட்டத்தான் செய்யும். நீங்க விட்றாதீங்க.”

மறுநாள் பண்ணைக்கே நேரில் போனார். கொட்டில் வாசலில் தாய் ஆடு தழையை வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குட்டியைக் காணோம்.

“அடடே, தேறிடுச்சே! குட்டி எங்கம்மா?”

“இதுக்கென்ன கேடு டாக்டர்? இது ஒருவேளைகூடத் தீனியை விட்டதில்ல.” அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நான் சொன்னது எங்க வீட்டுக்காரரை!”

“அதை அப்பவே சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருந்தா குட்டியைக் குடுத்திருப்பீங்களா?”

மருத்துவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சவரம் பண்ணாத முகத்தோடு, மடியில் குட்டியைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த மனிதர், உதட்டில் விரலை வைத்தார்.

“மெதுவாப் பேசுங்க டாக்டர். பால் குடிச்சிட்டு இப்பதான் கண்ணசந்தான்.”