பதின்மூன்றாம் அதிகாரம் வரை

ஞானசிகாமணி சாரின் வேதாகமத்தில் ஒரு சிவப்பு நாடா இருந்தது. வாசித்த இடத்துக்கு அடையாளமாகக் கிடப்பதுதான் அதன் வேலை. கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அதன் ஆசை.

ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையும் முடிந்த கையோடு, "இந்த வருஷம் முழு வேதத்தையும் முடிச்சே தீருவேன்" என்று சார் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்குவார். பிப்ரவரியில் மூன்றாம் புத்தகமான லேவியராகமம் வரும். அதன் பதின்மூன்றாம் அதிகாரத்தில் குஷ்டரோகச் சட்டங்களைப் பார்த்ததும் அவருக்குக் கொட்டாவி வரும். மிச்ச வருஷத்தை நாடா அங்கேயே கழிக்கும்.

"பதினோரு வருஷமாச்சே, உனக்கு அலுக்கலையா?" என்று கேட்டது சாரின் மூக்குக்கண்ணாடி.

"அவருக்கே அலுக்கலையே" என்றது நாடா.

அடுத்த புத்தாண்டில் சார் சபையில் எழுந்து நின்று, கண்கலங்கச் சாட்சி சொன்னார்.

"பன்னிரண்டாவது வருஷமா, ஒரு வருஷம்கூட விடாம, வேதத்தை முதல்ல இருந்து வாசிக்கக் கர்த்தர் கிருபை செஞ்சிருக்கார்!"

"ஸ்தோத்திரம்!" என்றது சபை. மனம் நெகிழ்ந்த போதகர் அவருக்குப் புது வேதாகமம் ஒன்றைப் பரிசளித்தார்.

அன்று வீட்டு அலமாரியில், புது வேதாகமத்தின் நாடா பக்கத்திலிருந்த பழைய நாடாவிடம் ஆவலோடு கேட்டது: "அண்ணே, வெளிப்படுத்தல் எப்படி இருக்கும்?"

"அது எனக்குத் தெரியாது தம்பி. குஷ்டரோகம் வரைக்கும் வேணும்னா வழி சொல்றேன்."