தேருக்கு வடம்

தேரின் இடது சக்கரத்தில் ஓர் எழுத்து உட்கார மறுத்தது.

அவர் அதை அடித்துவிட்டு வேறொன்றை ஏற்றினார். அதுவும் வழுக்கியது.

ரதவீதியில் வேட்டுச் சத்தம். கோயில் தேர் கிளம்பிவிட்டது.

அது இந்தச் சந்துக்குள் வராது. ஓர் ஆட்டோ நுழைந்தாலே எதிரே வருகிறவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து.

கட்டிலில் மனைவி செண்பகவடிவு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஆனித் தேருக்கு வடம் பிடிக்கத் தவறாதவள். அவள் வடம் பிடிப்பாள்; அவர் கூட்டத்துக்கு வெளியே நின்று அவளுடைய செருப்புக்குக் காவல் இருப்பார்.

மாசியில் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

தேர் உன்னைத் தேடி வரும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தார்.

அதுவரை அவர் எழுதியதெல்லாம் விடுப்பு விண்ணப்பம். ஆனாலும் நூலகத்திலிருந்து ஒரு பழைய இலக்கணப் புத்தகத்தைத் தூக்கிவந்து உட்கார்ந்தார்.

சித்திரகவி. பாட்டின் எழுத்துகளைக் கட்டங்களில் அடைத்துப் படமாக்கும் வித்தை. எடுத்த எடுப்பில் தேரில் ஏற முடியாது.

முதலில் மாலைமாற்று. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒரே பாட்டு. அது கைவந்த வாரம், பால் வாங்கப் போனவர் முகத்தைத் திருப்பாமலே, பின்பக்கமாக நடந்து வீடு வந்து சேர்ந்தார்.

அடுத்தது பாம்பு. முடித்த அன்றிலிருந்து எதிர்வீட்டுப் பூனை இந்த ஜன்னலில் ஏறுவதில்லை.

முரசு எழுதியபோது மாடிவீட்டுக்காரர் இறங்கிவந்து, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. பால்காரரைக் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியில் தேர்.

எழுத்து உட்கார்ந்தது. சக்கரம் உருண்டு பார்த்தது. நின்றது.

தாளை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் சக்கரத்திலிருந்து கலசம்வரை நிதானமாகப் படித்துக்கொண்டு போனாள்.

“தேரு நல்லாத்தான் இருக்கு. வடத்த எங்க?”

புத்தகத்தைப் புரட்டினார். இல்லை. எத்தனையோ புலவர்கள் தேர் கட்டியிருக்கிறார்கள். இழுக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதற்காக விட்டுவிடுகிற ஆளா அவர்?

தாளை அவள் வயிற்றின் மேல் வைத்தார். தேரின் அடித்தட்டிலிருந்து வடத்தை எழுத்தெழுத்தாக இறக்கினார்.

தாள் தீர்ந்தது. போர்வையில் எழுதினார். மடிப்பு வந்த இடத்தில் தளை தட்டியது. நீவிவிட்டுத் தொடர்ந்தார்.

மணிக்கட்டு வந்தது.

கடைசி எழுத்து அவளுடைய வலது உள்ளங்கையில். மாசியிலிருந்து திறந்தே கிடக்கிற கையில்.

ரதவீதியில் கூட்டம் ஆர்ப்பரித்தது.

அவள் கூரையைப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வை பொடித்தது.

சுண்டுவிரல் மடங்கியது.

அடுத்த விரல்.

தாள் அசைந்ததா, அவளுக்கு மூச்சு வாங்கியதா என்று அவருக்குத் தெரியவில்லை. பேனாவும் கையுமாக நின்றார்.

“பாத்துட்டே நிக்கியளே,” என்றாள். “சக்கரத்துக்குக் கட்டையப் போடுங்க. செவுத்துல இடிக்கப் போகுது.”

அவர் அவசரமாகப் பேனாவை முன்சக்கரத்துக்கு அடியில் செருகினார்.