வேட்டைக்கும் வீட்டுக்கும்

"கதவைச் சாத்தாதே. சத்தம் கேட்டா எல்லாம் கெட்டுது."

வெர்லின் கிசுகிசுத்தான். மார்லிஸ் வண்டிக் கதவைப் பாதியிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். சாலையோர வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு பண்ணை வீட்டுப் புல்வெளியின் கோடியில், பழுப்புப் புள்ளி போட்ட வேட்டைநாய் ஒன்று நின்றுகொண்டிருந்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, மூக்கை நீட்டி, வாலை விறைத்துக்கொண்டு.

புல்லுக்குள் காட்டுக்கோழி பதுங்கியிருக்கிறது என்றான் வெர்லின். அவன் குரலில் கோயிலுக்குள் வந்துவிட்டவனின் அடக்கம் இருந்தது.

அடுத்தவன் நாய் பறவையைக் கண்டு அப்படி நின்றுவிட்டால் கிட்டே போகக் கூடாது, கூப்பிடக் கூடாது. நாய்க்கு உடையவன் வரும்வரை இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் சர்ச்சுக்குள் தொப்பியைக் கழற்றாமல் உட்காருகிறவன்கூட இதை மீற மாட்டான்.

அவர்கள் கிளம்பியதே ஒரு நாயைத் திருப்பிக் கொடுக்கத்தான். வேட்டைக்கும் ஆக வேண்டும், வீட்டுக்கும் ஆக வேண்டும், அப்படி ஒன்று கிடைத்தால் வளர்க்கலாம் என்பது மார்லிஸ் போட்ட நிபந்தனை. முதலில் வந்தது ஒரு தாடிக்கார நாய். சுட்ட வாத்தை அழகாகக் கொண்டுவந்து கொடுத்தது. சுடாத பக்கத்து வீட்டுக் கோழியையும் அப்படியே கொண்டுவந்து கொடுத்தது. அடுத்தது, அவர்கள் குழந்தை டில்லி காதைப் பிடித்து இழுத்தாலும் தூங்கிக்கொண்டிருந்தது. துப்பாக்கி வெடித்த அன்று குளியல் தொட்டிக்குள் ஏறியதுதான், இறங்க மறுத்துவிட்டது.

மூன்றாவது, வண்டியின் பின்சீட்டில் இருந்த ஓட்டோ. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று நாய் வளர்த்து விற்பவர் கொடுத்தனுப்பியது. காலையில் எங்கிருந்தோ ஒரு மான்காலை இழுத்துவந்து சோபாவில் வைத்துவிட்டு, எல்லோர் முகத்தையும் பெருமையாகப் பார்த்தது. மார்லிஸ் கத்தவில்லை. இன்றோடு நாய்ப் பேச்சு முடிந்தது, இனி மீன் தொட்டி என்று மட்டும் சொன்னாள்.

இப்போது ஓட்டோ, திறந்திருந்த கதவு வழியாகக் குதித்தது. வெர்லின் கண்ணை மூடிக்கொண்டான். துரத்தப் போகிறது, பறவை பறக்கப் போகிறது, ஊர் சிரிக்கப் போகிறது.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், வேலியோரம் ஓட்டோவும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"பாத்தியா," என்றான். "ஒரு நாய் நிக்கறதப் பாத்தா இன்னொரு நாய் மரியாதைக்கு நிக்கும். இவன் இன்னிவரைக்கும் யாருக்கும் நின்னதில்ல. அப்ப அது எப்பேர்ப்பட்ட நாயா இருக்கணும்."

நால்வரும் நின்றார்கள். காற்று நின்று மறுபடி வந்தது. சோளத்தட்டைகளின் நிழல் மெல்ல நீண்டது.

வீட்டுக்குள்ளிருந்து டில்லி வயதில் ஒரு சிறுமி வந்தாள். நேராக அந்த நாயிடம் போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முதுகில் ஏறி உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் கோப்பையிலிருந்த சேற்றை அதன் தலையில் நிதானமாக ஊற்றினாள். பிறகு இறங்கி உள்ளே போய்விட்டாள்.

நாய் மூக்கைக்கூடத் திருப்பவில்லை.

"ஒரு உறுமல்கூட இல்ல," என்றாள் மார்லிஸ்.

"பிறவிக் குணம் அது."

"சுத்திவர ஒட்ட வெட்டியிருக்காங்க. அது கால்கிட்ட மட்டும் புல்லு முழங்கால் உசரம் நிக்குதே?"

"பறவை அதுக்குள்ளதான இருக்கு. புல்லு வெட்டினவன் நாயத் தொந்தரவு பண்ணாம சுத்திக்கிட்டுப் போயிருக்கான். மனுஷன்னா அவன் மனுஷன்."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். கணவனின் முகத்தையும் பார்த்தாள். கல்யாணமான புதிதில் அந்த முகத்தைப் பார்த்தது. சண்டை போடாமல் இருவரும் இவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மீன் தொட்டி வேண்டாம்," என்றாள். "ஆனா ஒண்ணு. இதே ஜாதிதான். வேற எது வந்தாலும் வாசப்படி ஏறக் கூடாது."

வெர்லின் வேகமாகத் தலையை ஆட்டினான்.

வீட்டுக் கதவு மறுபடி திறந்தது. செருப்பும் கையில் காப்பிக் கோப்பையுமாக ஒருவர் புல்வெளியில் நடந்து வந்தார். கொஞ்ச நேரமாகவே ஜன்னல் வழியாக இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நடையில் ஒரு தயக்கம் இருந்தது. வெர்லின் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். அவரும் எதற்கென்று தெரியாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாருக்காவது உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மார்லிஸ்தான் பேசினாள். இரண்டு வருஷத் தேடலை நாலு வார்த்தையில் சொன்னாள். அவருடைய நாயைப் போல ஒரு நாயை அவர்கள் ஜென்மத்தில் பார்த்ததில்லை என்றாள். எங்கே வாங்கியது என்று சொன்னால் இப்படியே நேராக அங்கே போய்விடுவதாகவும் சொன்னாள். பிறகு வேலியின் மேல் சாய்ந்து கேட்டாள்.

"என்ன ஜாதிங்க இது?"

அவர் தன் நாயைப் பார்த்தார். ஒற்றைக் காலைத் தூக்கி நின்ற ஓட்டோவைப் பார்த்தார். கைகோத்து நின்ற இருவரையும் பார்த்தார். காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"சிமென்ட்டும்மா."